ரெண்டு பக்க எம்பிங்களும் ஒரே மேசைக்கு எப்ப வருவாங்க? செந்தூல் தம்பி கேட்டதுக்கு என் பதில்

தம்பி, நீ கேட்டது இதுதான்: "அண்ணே, அரசாங்கமும் எதிர்க்கட்சியும் சேர்ந்து வேலை செய்ற மாதிரி ஒரு நெலமைய உண்டாக்க முடியுமா, இல்ல அதெல்லாம் பேச்சுக்கு மட்டுமா? மாமாக் டீக்கடைல கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க." சிரிக்கட்டும் லா. நானும் ஒரு காலத்துல அதே மேசையில தே தாரிக் வச்சுக்கிட்டு சிரிச்ச ஆளுதான். அப்புறம் கோலாலம்பூர்ல ஒரு எம்பி ஆபிஸ்ல ஏழு வருஷம் வேலை செஞ்சேன், எதிர்க்கட்சி எம்பியோட ஆபிசரா சேந்தேன், 2018-ல அவர் ஆளுங்கட்சி ஆனாரு, 2020-ல மறுபடி எதிர்க்கட்சி ஆனாரு, நான் என் மேசைய ஒரு இஞ்ச் கூட நகத்தல, அரசாங்கம்தான் மாறிக்கிட்டே இருந்துச்சு. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், கோப்பி ஒன்னு போட்டுட்டு வந்து படி.

முதல்ல ஒன்னு. "பைபார்ட்டிசன்"னு நீ எழுதியிருந்த. அது ரெண்டே கட்சி இருக்கற அமெரிக்காவுக்கு பொருந்தற வார்த்தை. நமக்கு மலேசியாவுல மக்களவைல 222 பேரு, எத்தன கட்சி, எத்தன கூட்டணின்னு எண்ணி முடிக்கறதுக்குள்ள யாராவது ஒருத்தர் கட்சி மாறிடுவாரு. அதனால நம்ம ஊர்ல கேள்வியே வேற: கவிழ்க்கறதுக்கு இல்லாம, கட்டறதுக்கு எண்ணிக்கை சேக்க முடியுமா? முடியும். நடந்திருக்கு. ஆனா நீ நெனைக்கற மாதிரி நல்ல மனசால நடக்கல, அத புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈசி.

148. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்க. 222-ல மூணுல ரெண்டு பங்கு 148. அரசியலமைப்ப மாத்தணும்னா பொதுவா இத்தன ஓட்டு வேணும். ரொம்ப வருஷமா ஆண்ட, அம்னோ தலைமையில இருந்த தேசிய முன்னணி கூட்டணி கையில இது சும்மா கெடந்துச்சு, அதனால எதிர்க்கட்சி கிட்ட பேச வேண்டிய தேவையே அவங்களுக்கு வரல. 2008 தேர்தலுக்கு அப்புறம் அது போச்சு. அதுலேர்ந்து பெரிய வேலை எதையாவது செய்யணும்னு நெனைச்ச அரசாங்கம் எதிர்ப்பக்கம் போய் உக்காந்து பேசித்தான் ஆகணும்னு ஆச்சு. வீட்டுல கேஸ் தீந்துட்டா பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரன் கதவையும் தட்டித்தான ஆகணும், அந்த மாதிரி.

இதுக்கு ரெண்டு சம்பவத்த பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. ரெண்டும் 2019, ரெண்டும் 2018-ல தேசிய முன்னணியத் தோக்கடிச்சு வந்த பக்காத்தான் கூட்டணி அரசாங்கம், ரெண்டும் கிட்டத்தட்ட அதே எம்பிங்க. ஏப்ரல் 9-ஆம் தேதி சபா, சரவாக் மாநிலங்களுக்கு 1963 மலேசிய ஒப்பந்தத்துல இருந்த அந்தஸ்த திருப்பிக் குடுக்க ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம்தான், யாரு வேணாம்னு சொல்லுவா? ஆனா 138 ஓட்டுதான் வந்துச்சு. 59 பேரு ஆதரிக்கவும் இல்ல, எதிர்க்கவும் இல்ல, ஓட்டுப் போடாம உக்காந்துட்டாங்க. பத்து ஓட்டுல போச்சு. காரணம் சிம்பிள்: யாருக்காக அந்தத் திருத்தமோ அந்த சரவாக்குக்காரங்களே "வாசகம் எங்களுக்குப் பத்தல, 1963 ஒப்பந்தத்த பேர் சொல்லிப் போடுங்க, குழு வச்சுப் பேசுங்க"ன்னாங்க, அரசாங்கம் அவசரப்பட்டுச்சு.

மூணே மாசம். ஜூலை 16, ஓட்டு வயச 21-லேர்ந்து 18-க்கு எறக்கற திருத்தம். சபையில இருந்த 211 பேரும் ஆதரவு, ஒரு எதிர்ப்பு கூட இல்ல. அன்னிக்கு நான் பார்லிமென்ட்லதான் இருந்தேன், மணி அடிச்சப்ப எங்க ஆளுங்களும் எதிர்ப்பக்கத்து அம்னோ, பாஸ் கட்சி ஆளுங்களும் கதவுக்கிட்ட ஒரே கூட்டமா முண்டிக்கிட்டு உள்ள ஓடினத பாத்து ஒரு பத்திரிகைக்காரர் "என்ன, தாப்பாவ் (பார்சல்) பிரியாணியா?"ன்னு கேட்டாரு. அப்ப இளைஞர் அமைச்சரா இருந்த சைட் சாடிக் எதிர்க்கட்சிக்காரங்கள முன்கூட்டியே போய்ப் பாத்துப் பேசினாரு, அவங்க "வயச மட்டும் எறக்கினா போதாது, வாக்காளர் பதிவும் தானா நடக்கணும்"னாங்க, அத சேத்தாங்க, 18 வயசுல வேட்பாளரா நிக்கலாம்ங்கறதையும் சேத்தாங்க. மசோதா மேல எதிர்ப்பக்கத்துக் கைரேகையும் பட்டுச்சு. அதனால அவங்க அவங்களோட சொந்த யோசனைக்கு ஓட்டுப் போடற மாதிரி ஆச்சு. நீ 2022-ல மொத ஓட்டுப் போட்டேன்னு சொன்னல்ல, பதிவுக்கு ஒரு ஃபாரம் கூட நீ நெரப்பல, அதுக்குக் காரணம் இதுதான். 2018-ல 14.9 மில்லியன் இருந்த வாக்காளர் பட்டியல் 2022-ல 21 மில்லியனத் தாண்டிச்சு.

(ஓட்டெடுப்போட வேலை முடியல, அதையும் சொல்லிடறேன். சட்டம் பாஸானப்புறம் அமலுக்கு வர இழுத்தடிச்சாங்க, 2022 செப்டம்பருக்குத் தள்ளினாங்க, பசங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2021 செப்டம்பர்ல கூச்சிங் உயர் நீதிமன்றம் வருஷக் கடைசிக்குள்ள அமல்படுத்துன்னு சொல்லிச்சு, டிசம்பர் 15 தேதி அமலுக்கு வந்துச்சு. 211 பேரு கை தூக்கியும் ரெண்டரை வருஷம்.)

அந்த சபா சரவாக் திருத்தம் என்ன ஆச்சு? 2021 டிசம்பர் 14, மறுபடி வந்துச்சு. இந்த வாட்டி 199 ஓட்டு, எதிர்ப்பு இல்ல. நடுவுல ரெண்டு அரசாங்கம் கவுந்திருக்கு. 2019-ல கொண்டு வந்து தோத்த பக்காத்தான் இப்ப எதிர்க்கட்சி, அன்னிக்கு உக்காந்துட்ட சரவாக்குக்காரங்க இப்ப அரசாங்கத்துல. ஆளுங்க பெருசா மாறல. முன்கூட்டியே உக்காந்து வாசகத்தப் பேசி முடிச்சுட்டு சபைக்குக் கொண்டு வந்தாங்க, அதுதான் மாறினது. எங்க எம்பி அடிக்கடி சொல்வாரு, சபைல பேசற பேச்சு எல்லாம் கல்யாண மண்டபத்துல வாசிக்கற மேளம் மாதிரி, பொண்ணு மாப்ள பேச்சு எல்லாம் ஆறு மாசம் முன்னாடி யார் வீட்டு வராந்தாவுலயோ முடிஞ்சிருக்கும்னு.

இப்ப 2021 ஆகஸ்டுக்கு வா, எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் அங்கதான் இருக்கு. பக்காத்தானுக்கு அப்புறம் பிரதமரான முகிடினோட ஆட்சி ஆட்டம் கண்டுக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு முந்தின டிசம்பர்லயே 2021 பட்ஜெட் 111-க்கு 108-ன்னு மூணு ஓட்டுல தப்பிச்சுச்சு. ஆகஸ்ட் 13-ஆம் தேதி டிவியில வந்து எதிர்க்கட்சிக்கு ஒரு பெரிய பொட்டலமே நீட்டினாரு: பிரதமர் பதவிக்கு கால வரம்பு, கட்சித் தாவல் தடைச் சட்டம், எம்பிங்களுக்கு சமமான ஒதுக்கீடு, இன்னும் சிலது. எல்லாம் எதிர்க்கட்சி வருஷக் கணக்கா கேட்டது. ஒருத்தரும் தொடல. மூணு நாள்ல ராஜினாமா. புதுசா வந்த பிரதமர் இஸ்மாயில் சப்ரி கையில 114 பேரு ஆதரவுதான், அதாவது பாதிக்கு மேல கொஞ்சூண்டுதான் அதிகம். செப்டம்பர் 13-ஆம் தேதி கிட்டத்தட்ட அதே பட்டியல வச்சு அவரும் பக்காத்தானும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டாங்க. சரியா ஒரு மாசம்.

ஏன் ஒருத்தர் குடுத்தப்ப வேணாம்னவங்க இன்னொருத்தர் குடுத்தப்ப வாங்கினாங்க? எங்க ஆபிஸ்ல இதப் பத்தி ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாக்குவாதம் நடந்துச்சு. என் கணக்குல மூணு விஷயம். முங்கறவன் நீட்டற கைய யாரும் பிடிக்க மாட்டாங்க, நம்மளயும் சேத்து இழுத்துடுவான்னு பயம், அது ஒன்னு. 2020-ல எம்பிங்க பக்கம் மாறி பக்காத்தான் ஆட்சிய கவுத்த ஷெரட்டன் நகர்வு நடந்து, சொந்த அரசாங்கத்தக் கவுத்தவர் கிட்டயே கை குலுக்கறது ஆறாத புண்ணு, அது ரெண்டு. மூணாவதுதான் முக்கியம்: டிவியில சொன்னது பேச்சு, செப்டம்பர்ல வந்தது பேப்பர். கையெழுத்து இருக்கு, கண்காணிக்க ரெண்டு பக்கமும் உக்கார்ற ஒரு குழு இருக்கு, எல்லாத்துக்கும் மேல ஒரு தேதி இருக்கு. 2022 ஜூலை 31 வரைக்கும் பார்லிமென்ட்டக் கலைக்க மாட்டோம்னு அரசாங்கப் பக்கம் ஒத்துக்கிட்டாங்க, பதிலுக்கு பக்காத்தான்காரங்க பட்ஜெட்டக் கவுக்க மாட்டாங்க.

இந்தத் தேதி என்ன வேலை செஞ்சுச்சுன்னு பாரு. கட்சித் தாவல் தடைத் திருத்தம் 2022 ஏப்ரல்ல வந்து சிக்கிச்சு. "தாவல்"னா என்னங்கறதுலயே சண்டை. கட்சிய விட்டுத் தானா போனா தாவலா, கட்சி தூக்கிப் போட்டா தாவலா, மொத்தக் கட்சியும் கூட்டணி மாறினா அது என்ன? வான் ஜுனைடி அப்ப சட்ட அமைச்சர், ரெண்டு பக்க எம்பிங்களும் இருந்த சிறப்புக் குழுவுல உக்காந்து இத இழுத்து இழுத்துப் பேசினாங்க. ஓட்டெடுப்பு எப்ப நடந்துச்சு தெரியுமா? ஜூலை 28. கெடு முடிய மூணு நாளு. 209 பேரு ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். அக்டோபர் 5-ஆம் தேதி அமலுக்கு வந்துச்சு, அக்டோபர் 10 பார்லிமென்ட் கலைஞ்சுச்சு. நம்ம பசங்க அசைன்மென்ட் முடிக்கற மாதிரியேதான். தேதி இல்லன்னா அந்த மசோதா இன்னும் ஏதோ ஒரு குழுவுல தூங்கிக்கிட்டு இருக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன்.

அதுக்கு எத்தன வருஷப் பாரம் இருந்துச்சுன்னும் தெரிஞ்சுக்க. கிளந்தான் மாநிலத்துல இந்த மாதிரி ஒரு விதி வச்சிருந்தாங்க, 1992-ல நோர்டின் சாலே வழக்குல உச்ச நீதிமன்றம் அது சங்கம் சேர்ற உரிமைக்கு எதிரானதுன்னு தள்ளிடுச்சு. அப்புறம் பினாங்கு 2012-ல தன் மாநில அரசியலமைப்புல துணிஞ்சு ஒன்னு சேத்துச்சு. ஆனா நாட்டுக்கே பொருந்தற மாதிரி செய்ய 148 வேணும், 148-க்கு எதிர்ப்பக்கம் வேணும். முப்பது வருஷம் நின்ன வேலை பத்து மாச ஒப்பந்தத்துல முடிஞ்சுச்சு.

பக்காத்தானுக்கு இதுல வலி இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. எங்க சர்விஸ் சென்டருக்கு, அதான் எம்பியோட தொகுதி ஆபிஸ், போன் போட்டு "திருடனுங்க கூட கையெழுத்தாடா போடறீங்க"ன்னு திட்டினவங்கள்ல பாதிப் பேரு எங்க சொந்தக் கட்சிக்காரங்க. ஒரு அம்மா, எனக்கு அவங்கள நல்லாத் தெரியும், தேர்தல் வந்தா சோறு ஆக்கிப் போடறவங்க, கட்சி டீஷர்ட்ட மடிச்சு பிளாஸ்டிக் பையில போட்டு கவுன்ட்டர்ல வச்சுட்டுப் போயிட்டாங்க, ஒரு வார்த்தை பேசல. 2021 நவம்பர்ல மலாக்கா மாநிலத் தேர்தல், தேசிய முன்னணி 28-க்கு 21. 2022 மார்ச்ல ஜோகூர், 56-க்கு 40. ரெண்டுலயும் பக்காத்தான் நல்லா அடி வாங்குச்சு. அது ஒப்பந்தத்தால மட்டும்னு சொல்ல மாட்டேன், ஆனா எதிர்க்கட்சி எதிர்க்கட்சி மாதிரி சண்ட போடலன்னா ஆதரவாளருங்க வீட்டுலயே உக்காந்துடுவாங்கங்கறது உண்மை. இருந்தும் ஜூலை வரைக்கும் வார்த்தைய மீறல. எனக்கு அந்தக் கட்சிங்க மேல ஆயிரம் கொற இருக்கு, இந்த ஒரு விஷயத்துல தொப்பிய எடுக்கறேன்.

இப்ப உன் பக்கத்துக்கே வரேன், ஏன்னா பார்லிமென்ட் கதையாவே சொன்னா நீ தூங்கிடுவ. அதே 2021, செந்தூல் பக்கம் ஒரு பிளாட், 17 மாடி, ரெண்டு லிஃப்டும் செத்துக் கெடந்துச்சு. 11-ஆவது மாடில ஒரு ஐயா, வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ். அவர சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலில உக்கார வச்சு, இடுப்புல ரஃபியா கயிறு சுத்திக் கட்டி, பசங்க ரெண்டு பேரு மாடிப்படியில எறக்குவாங்க. 7-ஆவது மாடில ஒரு ஸ்டாப்பு, அங்க ஒரு மக்சிக் (மலாய் அம்மா) தண்ணி வச்சிருப்பாங்க. பராமரிக்க வேண்டியவங்களுக்கு ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கிளை மாமா ஒரு லெட்டர் போட்டாரு, பக்காத்தான்ல இருக்கற கெடிலான் கட்சி கிளை அக்கா ஒரு லெட்டர் போட்டாங்க. மாமா கட்சி அரசாங்கத்துல, அக்கா கட்சி எதிர்க்கட்சில. ரெண்டு லெட்டரும் ஒரே டிராயருக்குப் போச்சுன்னு நெனைக்கறேன்.

ரெண்டு பேரையும் ஒரு நாளு கீழ இருக்கற கடைல ஒக்கார வச்சேன். மொத அரை மணி நேரம் யார் லோகோ மேல வர்றதுன்னு சண்ட. பக்கத்து மேசைல ரொட்டி சானாய் சாப்ட்டுக்கிட்டு இருந்த சூராவ் (தொழுகை இடம்) கமிட்டி பாக்சிக், அதான் மலாய்ப் பெரியவர், ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்துட்டு, லோகோ எதுக்கு, மேல அந்த ஐயாவோட மாடி நம்பரப் போடுங்கன்னு சொல்லிட்டாரு. அப்படியே செஞ்சோம். ஒரே ஏ4 பேப்பர், லோகோ இல்ல, கடைசியில பக்கத்துல பக்கத்துல ரெண்டு கட்சி சாப் (முத்திரை), ஒன்னு நீல மை, ஒன்னு ஊதா. 14 நாளுக்குள்ள பதில் வேணும்னு தேதி போட்டோம். வாங்கின கிளார்க் ரெண்டு சாப்பையும் பாத்துட்டு பேப்பர திருப்பித் திருப்பிப் பாத்தாரு, யார் பக்கம் சாஞ்சா யார் கோவிச்சுக்குவாங்கன்னு அவருக்குக் கணக்கு வரல. 12-ஆவது நாளு டெக்னீஷியன் வந்தான், ஒரு லிஃப்ட் ஓடுச்சு.

பேனர் கட்டறதில்லன்னு பேசி வச்சிருந்தோம், பேனர் யாரும் கட்டல, ஆனா பேஸ்புக் பத்தி நாங்க பேசலையே. லிஃப்ட் முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த அதே போட்டோ, மாமா போட்டதுல அக்காவோட வளையல் கை மட்டும் ஓரத்துல தெரியுது, அக்கா போட்டதுல மாமாவோட தொப்பி விளிம்பு மட்டும் தெரியுது. நான் விட்டுட்டேன். 18 வயசு ஓட்டுக்கும் எல்லாக் கட்சியும் "நாங்கதான்"னு போஸ்டர் அடிச்சாங்கல்ல. பேர் யாருக்குங்கற சண்டைய நிறுத்தப் பாத்தா வேலையே நின்னுடும், ஆளுக்கு ஒரு போட்டோ வெட்டிக்கட்டும்.

சேர்ந்து வேலை செய்றதும் முழுங்கறதும் வேற, இது நம்ம ஊர்ல அடிக்கடி கொழம்பற இடம். 1969-க்கு அப்புறம் என்ன ஆச்சு? பினாங்கு மாநிலம் எதிர்க்கட்சியான கெராக்கான் கையில இருந்துச்சு, 1972-ல அவங்க ஆளுங்கூட்டணிக்குள்ள வந்தாங்க, அப்புறம் பாஸ் கூட 1977 வரைக்கும் உள்ள இருந்துச்சு, 1974 தேர்தல தேசிய முன்னணியா நின்னாங்க. ஒத்துமைன்னு பேரு, ஆனா கேள்வி கேக்க எதிர்ப்பக்கம் ஆளே கொறஞ்சு போச்சு. 2022-க்கு அப்புறம் வந்த ஒற்றுமை அரசாங்கத்தையும் நான் இந்தக் கண்ணோடதான் பாக்கறேன். அம்னோவும் அதோட பழைய எதிரி ஜசெகவும் (ஜனநாயக செயல் கட்சி) ஒரே அமைச்சரவைங்கறது நம்ம அப்பா காலத்துல சொல்லியிருந்தா பைத்தியம்னு சொல்லியிருப்பாங்க, அது நல்லதுதான், எனக்கு சந்தோஷம்தான். ஆனா அது கூட்டணி. அப்ப பிரதமரான அன்வார் கையில ஆரம்பத்துலயே 148 சேந்துடுச்சு, அதனால வெளிய இருக்கற எதிர்க்கட்சி கிட்ட போக வேண்டிய தேவை கொறஞ்சுச்சு. 2024-ல எதிர்க்கட்சி எம்பிங்களுக்கு ஒதுக்கீடு தர்றதுக்கு ஒரு ஒப்பந்த வரைவு துணைப் பிரதமர் ஃபடிலா யூசோப் மூலமா போச்சு, எதிர்க்கட்சிக் கூட்டணி பெரிக்காத்தான் நிபந்தனைங்க ஒத்து வராதுன்னு வேணாம்னுட்டாங்க. இஸ்மாயில் சப்ரிக்கு இருந்த பசி ரெண்டு பக்கத்துக்கும் இல்ல.

இந்த ஒதுக்கீடு விஷயத்துல நான் ரொம்பக் கோவப்படுவேன், பொறுத்துக்க. எந்தக் கட்சி ஆண்டாலும் எதிர்க்கட்சித் தொகுதிக்குக் காசக் கொறைக்கறது நம்ம நாட்டு வியாதி. நான் ரெண்டு பக்கமும் இருந்து பாத்திருக்கேன். ஆளுங்கட்சியா இருந்தப்ப சக்கர நாற்காலி கேட்டு வந்த பாட்டிக்கு அடுத்த வாரமே வாங்கிக் குடுத்தோம், எதிர்க்கட்சி ஆனப்ப அதே பாட்டி பக்கத்து வீட்டுத் தாத்தாவக் கூட்டிக்கிட்டு வந்தாங்க, கோயில்ல சொல்லி, கடைக்காரர் கிட்ட சொல்லி, கடைசில ஒரு பழைய நாற்காலி கெடச்சுச்சு. பாட்டி "என்ன தம்பி, ஒய்பிக்கு ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டாங்க (ஒய்பின்னா எம்பிய மரியாதையா கூப்பிடறது). அவங்களுக்கு அரசாங்கம் மாறினது கணக்கே இல்ல. எம்பிக்கு காசு வர்றது யார் ஆட்சிங்கறதப் பொறுத்துன்னா, அவர் பொழுதுக்கும் அரசாங்கத்தக் கவுக்கறதப் பத்தித்தான் யோசிப்பாரு. சமமான ஒதுக்கீட்ட சட்டமா போட்டா ஒத்துழைப்புக்கு அது ஒன்னே பாதி வேலை. என் கணிப்பு இது, அடிச்சுச் சொல்றேன்.

கேமரா இல்லாத இடத்துலதான் நல்லா நடக்குதுங்கறதுக்கு பிஏசிய பாரு, பொதுக் கணக்குக் குழு. 2022 ஆகஸ்ட்ல போர்க்கப்பல் அறிக்கை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒம்பது பில்லியன் வெள்ளி திட்டம், 6.08 பில்லியன் குடுத்தாச்சு, ஒரு கப்பல் கூட வரல. அந்தக் குழுவுக்குத் தலைவர் எதிர்க்கட்சி எம்பி வோங் கா வோ, உறுப்பினருங்க ரெண்டு பக்கமும். அதே கண்டுபிடிப்ப எதிர்க்கட்சி மட்டும் பிரஸ் மீட் வச்சு சொல்லியிருந்தா "அரசியல்"னு ஒரே வார்த்தைல தள்ளியிருப்பாங்க. அந்தக் குழு ரூம்ல எம்பிங்க ஃபைல் படிச்சிருப்பாங்க, அதிகாரிய மரியாதையா கேள்வி கேப்பாங்க, டீ பிரேக்ல ஒருத்தர் பிள்ளைங்க பரீட்சையப் பத்தி இன்னொருத்தர் விசாரிப்பாரு. அதே ரெண்டு பேரு மறுநாள் சபையில லைவ் ஓடறப்ப ஒருத்தர ஒருத்தர் கிழிப்பாங்க. நடிப்புன்னு சொல்லாத, ரெண்டுமே அவங்கதான்.

2019-ல ஆரம்பிச்ச நிலைத்தன்மை இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி எம்பிங்க குழுவும் அப்படித்தான். தொகுதிக்கு தொகுதி போய் ஜனங்க கிட்ட என்ன பிரச்சனைன்னு கேட்டு, அந்தந்த ஊர்ல சின்னச் சின்ன வேலையா செய்வாங்க. கொட்டு மேளம் இல்ல, பேப்பர்ல வராது. ஆனா வேற கட்சி எம்பி தொகுதில மதியம் மூணு மணி வெயில்ல ஒன்னா நின்னு சாக்கடையப் பாத்தவங்க, அப்புறம் சபையில திட்டறப்ப ஒரு அளவோட திட்டுவாங்க.

எல்லாரும் சேர்ந்துட்டா நல்லதுதான் நடக்கும்னும் நெனைச்சுடாத. 2024 அக்டோபர் 17, குடியுரிமைத் திருத்தம், 206 ஓட்டு. மலேசிய அம்மா வெளிநாட்டுல பெத்த பிள்ளைக்கும் அப்பா மாதிரியே உரிமைங்கறது உள்ள இருந்துச்சு, அது எத்தன வருஷப் போராட்டம், அந்த அம்மாங்க அழுதத பாத்து நானும் கண்ணத் தொடச்சேன். ஆனா அதே மசோதாக்குள்ள, சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அடையாள அட்டை) வச்சிருக்கறவங்களுக்கு இங்க பொறக்கற பிள்ளைக்குத் தானா கெடைக்கற குடியுரிமைய எடுத்துட்டாங்க. நம்ம ஆளுங்கள்ல எத்தன வீட்டுல இன்னும் சிவப்பு ஐசி இருக்குன்னு உனக்கே தெரியும். இனிப்பையும் கசப்பையும் ஒரே உருண்டையா உருட்டிக் குடுத்தா யாரும் துப்ப மாட்டாங்க. அதுலயும் ஒரு பாடம் இருக்கு: முதல்ல இன்னும் மோசமா ரெண்டு திருத்தம் இருந்துச்சு, கைவிடப்பட்ட கொழந்தைங்களயும் நாடற்ற பிள்ளைங்களயும் பாதிக்கற மாதிரி, அத அந்த வருஷ மார்ச்லயே பின்வாங்க வச்சாங்க. தெருவுல எறங்கின அம்மாக்களும் வக்கீல்களும் சபைக்குள்ள ரெண்டு பக்கமும் இருந்த சில எம்பிங்களும் சேந்து பண்ணது அது.

கட்சித் தாவல் சட்டத்துலயும் ஓட்டை உண்டு, எல்லாரும் ஒத்துக்கற மாதிரி எழுதினதால வந்த ஓட்டை. கட்சி ஒரு எம்பிய தூக்கிப் போட்டா சீட்டு போகாது. அதே மாதிரி எதிர்க்கட்சியான பெர்சத்து எம்பிங்க ஆறு பேரு கட்சியில இருந்துக்கிட்டே அன்வாருக்கு ஆதரவுன்னாங்க, அவங்க கட்சி சீட்டு காலின்னு சொல்லிச்சு, சபாநாயகர் ஜொஹாரி அப்துல் 2024 ஜூலைல காலி இல்லன்னுட்டாரு. ஆக, அந்தச் சட்டத்த அடுத்து திருத்தணும்னாலும் மறுபடி 148, மறுபடி அதே மேசை.

சரி, நீ என்ன செய்யலாம்னு கேட்ட, "நான் சாதாரண ஆளு"ன்னு வேற போட்டிருந்த. உன் எம்பி எந்தப் பக்கம்னாலும் சர்விஸ் சென்டருக்குப் போ, போறப்ப "நாட்டுல ஒத்துமை வேணும்"னு சொல்லிக்கிட்டுப் போகாத, நாங்களும் தலைய ஆட்டி அனுப்பிடுவோம், பழக்கம் அப்படி. ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டுப் போ. உன் பிளாட்ல நாடற்ற பிள்ளை ஒன்னு இருந்தா அந்தப் பிள்ளையோட பேப்பர எடுத்துக்கிட்டுப் போ, கேஸ் ஒன்னு கையில இருந்தா எம்பி சபையில கேள்வியா போடலாம், குழுவுக்கு எழுதலாம். போறப்ப எதிர்க்கட்சி கிளை ஆளு ஒருத்தர கூடக் கூட்டிக்கிட்டுப் போனா இன்னும் நல்லது, ஆபிஸ்ல எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, பயத்துல. எப்ப பதில் சொல்வீங்கன்னு தேதி கேட்டு எழுதி வாங்கு.

இன்னொன்னு, எதிர்ப்பக்கத்து எம்பி ஒருத்தர் நல்ல விஷயத்துக்கு ஓட்டுப் போட்டா அவர் பேஸ்புக்ல போய் ஒரு வரி நன்றி போடு. நீ சிரிக்கற. நான் கமென்ட் படிச்சவன் தம்பி, ஏழு வருஷம் காலைல எந்திரிச்சு மொத வேலையே அதுதான். சொந்த ஆளுங்க கிட்ட திட்டு வாங்கப் போறோம்னு தெரிஞ்சே ஒரு எம்பி கையெழுத்துப் போடறப்ப, வேற கட்சிக்கு ஓட்டுப் போடற நாப்பது பேரு "நன்றி ஒய்பி"ன்னு எழுதியிருந்தா அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர் கட்சி மீட்டிங்ல காட்டுவாரு. நானே எடுத்துக் குடுத்திருக்கேன். அவருக்கு அது கேடயம்.

அப்புறம் ஹன்சார்ட் படி, அதான் சபையில பேசினதோட எழுத்துப் பதிவு. பார்லிமென்ட் வெப்சைட்ல மலாய்ல இருக்கு, உன் எம்பி பேரப் போட்டுத் தேடு, டிக்டாக்ல வர்ற முப்பது செகண்ட் சண்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன பேசினாருன்னு தெரியும். சில நேரம் சண்ட போட்ட அதே ஆளு அடுத்த பக்கத்துல எதிர்க்கட்சிக்காரர் கேட்ட திருத்தத்த "ஏத்துக்கறேன்"னு சொல்லியிருப்பாரு, அத யாரும் கட் பண்ணிப் போட்டிருக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஒன்னு மாட்டுச்சுன்னா எனக்கு அனுப்பு, மாமாக் கடை மேசைல நானே சத்தமா படிக்கறேன்.